நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பாடி அசல்தானா?

கேள்வி: கோத்தகிரி, தேயிலை விவசாயி

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா 1970-இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அவர் காலமான பின் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. நான்கு கதவு கொண்ட வண்டி. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. அண்மையில் சமவெளியிலிருந்து வந்து பார்த்த ஒரு சேகரிப்பாளர், இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவுடன் மட்டுமே வந்தது என்றும், நான்கு கதவு பாடி பின்னாளில் யாரோ வெட்டி ஒட்டியது என்றும், அதனால் வண்டிக்குப் பெரிய மதிப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா வண்டியில் கை வைக்க யாரையும் விட்டதில்லை என்பதால் என்னால் இதை ஏற்க முடியவில்லை. இந்தப் பாடியின் வரலாறு அறிந்தவர்கள் சொல்லுங்கள். மலைச்சாலையில் இதை ஓட்டி வைத்துக்கொள்ள எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: பழைய வண்டி, உதகை

உங்கள் வண்டியின் பாடி தொழிற்சாலையிலிருந்து வந்தது. அந்தச் சேகரிப்பாளர் சொன்னதில் பாதி உண்மை: நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூலமான இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டில் நான்கு கதவு சலூன் (நிலையான கூரையுள்ள குடும்பக் கார்) கிடையாது. ஆனால் சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் மார்க் 3 என்ற பெயரில் நான்கு கதவு ஹெரால்டைச் செய்து விற்றது. வேறு எந்த நாட்டிலும் இல்லாத அந்தப் பாடி நம் ஊரில் பிறந்தது.

அது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு ஹெரால்டின் பிறப்பையே பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் டிரயம்ஃப் பெயரையும் தன் வசம் வைத்திருந்த ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார்களுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை, போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953-இல் வாங்கிக்கொண்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அழுத்தி எடுத்துத் தர ஆள் இல்லாத நிலையில், தனித்தனிப் பகுதிகளாகச் செய்து, தனிச் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் போல்ட் போட்டு இணைக்கும் முறைக்கு அவர்கள் வந்தார்கள். மற்றவர்கள் தனிச் சேசிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது பின்னோக்கிய அடியாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த வடிவத்தில் 1959-இல் வண்டி வெளிவந்தபோது, அந்தக் கட்டாயமே அதன் பலமாயிற்று. ஒரே அடித்தளத்தில் சலூன், கூப்பே, மேற்கூரை மடங்கும் வண்டி, பின்னர் எஸ்டேட் (பின்புறம் சாமான் வைக்கக் கூரை நீண்ட வண்டி) என்று பாடியை மட்டும் மாற்றிக்கொண்டே போக முடிந்தது. பகுதி பகுதியாகக் கப்பலில் அனுப்பி வெளிநாட்டில் பூட்டவும் அது ஏற்றதாக இருந்தது.

1961 முதல் சென்னையில் ஹெரால்டு தயாரானது. அதே ஆண்டில் தாய் நிறுவனமான ஸ்டாண்டர்டு டிரயம்ஃபை இங்கிலாந்தின் லேலண்ட் வாங்கிக்கொண்டது. அங்கே எஞ்சின் 1147 சி.சி., 1296 சி.சி. என்று வளர, இங்கே 948 சி.சி. எஞ்சினே இறுதிவரை நின்றது. ஆனால் பாடி விஷயத்தில் நம்மவர்கள் தம் வழியில் போனார்கள். தாத்தா பாட்டியோடு குடும்பமே ஏறும் வண்டியில், முன் இருக்கையை மடித்துப் பின்னால் நுழையும் முறை நம் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. கம்பேனியன் என்ற எஸ்டேட்டும் இங்கே செய்தார்கள். 1972-இல் வந்த கெஸல் இதே குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அது 1970-களின் பிற்பகுதியில் நின்றது. என்னைக் கேட்டால், இரண்டு கதவு ஹெரால்டை உலகில் பல இடங்களில் பார்க்கலாம், உங்களுடையதை இந்தியாவில்தான் பார்க்க முடியும். அதையே குறையாகச் சொல்பவரிடம் விற்காதீர்கள்.

மறுமொழி: பெருமாள்மலை, கொடைக்கானல்

வணக்கம் அண்ணா. எங்கள் வீட்டில் அப்பாவின் இரண்டு கதவு ஹெரால்டு இன்னும் ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளுக்கென்றே செய்த வண்டி என்று அப்பா சொல்வார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகச் சாய்ந்து திறப்பதால், வழியில் தண்ணீர் கொதித்தாலும் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கலாம்.

ஆனால் இறக்கத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பின் சக்கரங்களின் அச்சுகள் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) மட்டுமே மடங்குவதால், வளைவில் வேகமாக நுழைந்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ பிரேக்கை அழுத்தினாலோ பின்பக்கம் தூக்கி, வெளிச் சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கப் பார்க்கும். வண்டியின் வால் விலகிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் இழுவை விடாமல் சுற்றி வாருங்கள். இப்படி ஓட்டினால், சூடேறினால் பிடி தளரும் டிரம் பிரேக்குகளுக்கும் நல்லது.

இதைவிட முக்கியமானது முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன். செங்குத்தான இரும்பு இணைப்பின் அடிமுனை, பித்தளைக் கட்டைக்குள் திருகுபோலச் சுழலும் இடம் அது. அங்கே போட வேண்டியது 90-ஆம் எண் கியர் ஆயில். பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. மரை காய்ந்து துருப்பிடித்து, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது இணைப்பு முறிந்து சக்கரம் மடங்கும்.

துருவைப் பொறுத்தவரை, கதவு சாத்தும்போது லேசாகத் தூக்க வேண்டியிருந்தால் கீலை மட்டும் பழுது பார்த்து நிறுத்திவிடாதீர்கள். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் கைகள் அரித்திருக்கக்கூடும். எங்கள் பனியில் அங்கேதான் ஈரம் தங்குகிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

கேட்டவர்: கோத்தகிரி

இருவருக்கும் மிக்க நன்றி. இங்குள்ள மெக்கானிக் ஒருவர், கெஸலின் பின் ஆக்ஸிலைப் பொருத்திவிட்டால் வால் விலகும் தொல்லை தீரும் என்கிறார். செய்யலாமா? விண்டேஜ் பதிவு வாங்குவது நல்லதா?

மறுமொழி: அலுவலக வழிமுறை, குன்னூர்

ஆக்ஸிலை மாற்ற வேண்டாம். கெஸலில் நடுவில் மடங்காத, ஒரே துண்டான பின் ஆக்ஸில் (அச்சு) வந்தது உண்மைதான். ஆனால் அதற்காக உங்கள் சேசிஸில் வெட்டியும் வெல்டிங் செய்தும் தாங்கிகளை மாற்ற வேண்டியிருக்கும். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியே விண்டேஜ் ஆகும். இன்று உங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி இருக்கிறது. ஆக்ஸிலுக்காகச் சேசிஸில் கை வைத்தால் அது போய்விடும்.

ஆனால் தகுதி இருப்பதாலேயே விண்டேஜ் பதிவுக்கு ஓட வேண்டியதில்லை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். எனினும், அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் ஓட்ட விரும்பினால், 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் வழக்கமான பதிவே உங்களுக்கு ஏற்றது.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளில் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நடப்பிலுள்ள இன்சூரன்ஸ் ஆகியவற்றோடு, பெரியப்பாவின் மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லுங்கள். கெடு கடந்திருந்தாலும் தயங்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.