நேரம் பதியாத ட்ராக்குகள்: உங்கள் அனுபவம் என்ன?

அஸ்தம்பட்டியிலிருந்து:

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்றின் ட்ராக்கை, அதாவது நடந்த வழியைப் புள்ளி புள்ளியாகப் பதிந்த பதிவை, எஸ்டேட்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் தன் பழைய ஜிபிஎஸ் கருவியிலிருந்து எடுத்துத் தந்தார். யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினால் ஏறவில்லை. ட்ராக் இருந்த ஜிபிஎக்ஸ் (GPX) வகைக் கோப்பைத் திறந்தேன். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் எல்லாம் இருந்தன. நேரம் மட்டும் ஒரு புள்ளியிலும் இல்லை. பழைய கருவிகள் சில, ட்ராக்கைச் சேமிக்கும்போதே நேரத்தைக் கழற்றிவிடும். நேரமில்லாத புள்ளிகளை அந்தத் தளம் எடுத்துக்கொள்ளாது.

ஜிபிஎஸ் கோப்புகளை மாற்றித் தரும் ஜிபிஎஸ்பேபல் (GPSBabel) என்ற மென்பொருள் கைகொடுத்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஒரே வரிதான். அதன் ட்ராக் ஃபில்டரில், நேரமில்லாத புள்ளிகளுக்கு நேரம் போட ஃபேக்டைம் (faketime) என்று ஒரு வசதி உண்டு. சமக்குறி போட்டு, தொடக்க நேரத்தை ஆண்டிலிருந்து நொடி வரை 14 இலக்கங்களை இடைவெளி இல்லாமல் எழுதி, கூட்டல் குறிக்குப் பின் புள்ளிக்குப் புள்ளி எத்தனை நொடி என்று கொடுக்க வேண்டும். ஜிபிஎக்ஸ் நேரம் யுடிசி (UTC) என்ற உலகப் பொது நேரக் கணக்கு. நம் காலை 6 மணிக்குக் கடைசி ஆறு இலக்கங்களை 003000 என்று போட வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்தால் வருவது அது. ஏற்கெனவே நேரம் உள்ள புள்ளிகளை அது தொடாது. எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமென்றால் தேதிக்கு முன்னால் ஆங்கில 'எஃப்' (f) எழுத்தைச் சேர்க்கலாம்.

பாதை ஏறிவிட்டது. அந்த மலைக்காரர்கள் தினமும் நடக்கிற வழி வரைபடத்தில் தெரிவதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

ஏற்காட்டிலிருந்து:

அண்ணா, அடிவாரத்திலிருந்து மேலே வரும் 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையின் ட்ராக்குக்கு நானும் இதைச் செய்தேன். வளைவுகளில் புள்ளிகள் நெருக்கமாகவும் நேர்ச்சாலையில் தள்ளித் தள்ளியும் விழுந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே 5 நொடி கொடுத்ததால், வண்டி வளைவில் ஊர்ந்து நேர்ச்சாலையில் பறந்ததாக வேகம் காட்டுகிறது. கோடு வரைய இது போதும். போட்டோக்களுக்கு நேரத்தை வைத்து இடம் குறிக்க மட்டும் இதை யாரும் எடுக்க வேண்டாம்; ஏற்காட்டு ஏரியில் எடுத்த படம் பாதி மலையில் போய் உட்கார்ந்துவிடும்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

சரியாகச் சொன்னீங்க தம்பி. அதனால்தான் விவரக்குறிப்பில் 'நேரம் பின்னால் சேர்த்தது' என்று எழுதிவிடுகிறேன். தேதியையும் கண்டபடி போடக் கூடாது. எந்த வருஷம் நடந்த பாதை என்று கொடுத்தவரிடம் கேட்டுப் போடுங்கள். பழைய வழியா, இப்போதும் புழங்குகிற வழியா என்று பார்க்கிறவர்கள் அந்தத் தேதியைத்தான் நம்புவார்கள்.