ஏசி சர்வீஸ் பயிற்சிக்கு ஏஐ வீடியோ: நாலு மொழிக்கு எப்படிச் செய்வது?

பீன்யாவாசி கேட்டது:

பெங்களூரில் ஸ்பிளிட் ஏசி டெக்னீஷியன்கள் 60 பேருக்குப் பயிற்சி வீடியோ வேண்டும். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று நாலு மொழி. முதல் பாடம் ஆர்32 கேஸில் ஓடும் இன்வெர்ட்டர் மாடல் இன்ஸ்டலேஷன்: ஃப்ளேர் போடுவது (செம்புப் பைப்பின் வாயை விரிப்பது), வேக்யூம் இழுப்பது (பைப்பிலிருந்து காற்றையும் ஈரத்தையும் பம்பால் எடுப்பது), வால்வு திறப்பது. ஸ்கிரிப்ட் கொடுத்தால் படம், குரல் எல்லாமே ஏஐயில் வந்துவிடும் என்று மேலே நினைக்கிறார்கள். மாதிரி கிளிப் பார்க்க ஜோராக இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது. எதை ஏஐயிடம் விடலாம், எதை விடக்கூடாது?

எஸ்பிரோடு ஸ்பேனர்:

கை வேலை தெரிகிற ஷாட் ஒன்றையும் ஏஐயில் உருவாக்காதீர்கள். அதற்கு மெஷின் தெரியாது, மெஷின் மாதிரி ஒன்றை வரையத்தான் தெரியும். நட் சுற்றும் திசை மாறும், ஒரு ஷாட்டில் இருந்த சர்வீஸ் போர்ட் அடுத்ததில் காணாமல் போகும். வேக்யூமை அளக்கும் மைக்ரான் கேஜில் எண்ணுக்குப் பதில் கிறுக்கல் வரும். வேக்யூம் பாடமே அந்த எண்ணில்தான் இருக்கிறது: 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்புக்குப் போகும் வழியை அடைத்து, பம்பை நிறுத்தி, எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஈரம், விடாமல் ஏறிக்கொண்டே போனால் லீக். இந்த வித்தியாசத்தை நிஜ கேஜை வைத்துத்தான் காட்ட முடியும்.

வயர் கலர் இன்னும் மோசம். அமெரிக்க வயரிங்கில் கறுப்பு ஃபேஸ். நம் வீடுகளில் பெரும்பாலும் கறுப்பு நியூட்ரல், சிவப்பு ஃபேஸ். ஏஐ எந்த நாட்டுக் கலரைப் போடும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் போர்டும் அப்படித்தான். பவரை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். லேபிளில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்து, மல்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்கலாம். கவரைத் திறந்த கையோடு போர்டைத் தொடுவதாக ஏஐ ஒரு காட்சி கொடுத்தால், பயிற்சி பெறுபவன் அதைத்தான் பிடித்துக்கொள்வான்.

ஃபோனை ஸ்டாண்டில் வைத்து, தோளுக்கு மேலிருந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுங்கள். ஒரு ஸ்டெப்புக்கு ஒரு கிளிப், 10 முதல் 20 விநாடி, பேச்சு இல்லாமல். பேச்சு இல்லாவிட்டால்தான் நாலு மொழிக்கும் அதே படம் உதவும். குரல், சப்டைட்டில், பைப்புக்குள் கேஸ் ஓடுவதைக் காட்டும் அனிமேஷன் இவற்றை ஏஐயிடம் விடலாம். சிரித்தபடி பேசும் அவதார் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஒலிக்கூடம்:

படம் பற்றி ஸ்பேனர் சொன்னதே போதும். மொழியில் நடக்கும் கூத்து வேறு.

மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே விட்டால் ஃப்ளேர் நட் "எரியும் கொட்டை" ஆகும், லைவ் வயர் "உயிருள்ள கம்பி", எர்த் "பூமி". எனவே மாற்றக்கூடாத சொற்களின் பட்டியல் முதலில்: ஃபேஸ், நியூட்ரல், எர்த், வேக்யூம், கம்ப்ரசர், அவுட்டோர். அளவுக்கு மட்டும் ஊர்ச்சொல் நன்றாக வேலை செய்யும். நம் ஆட்கள் கால் இஞ்சை ரெண்டு நூல் என்பார்கள், அரை இஞ்ச் நாலு நூல். இந்திக்காரர்களுக்கு அதே கணக்கில் சூத்.

அடுத்தது உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் "கேஸ்" என்று கொடுத்தால் சில குரல்கள் கோர்ட் கேஸைப் போலப் படிக்கும், ஏனென்றால் க-வுக்கு நம்மிடம் ஒரே எழுத்து. கன்னட லிபியில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழுக்கு மட்டும் இந்த மாதிரிச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே கொடுத்துப் பாருங்கள். நட்டை இறுக்கும் டார்க் அளவான நியூட்டன் மீட்டரைச் சுருக்கி எழுதாதீர்கள், "என் எம்" என்று படித்துவிட்டுப் போய்விடும்.

முக்கியமானது இதுதான். ஆங்கிலத்தில் தடைச்சொல் முதலிலேயே வரும். தமிழில் "டெர்மினலைத் தொடக்கூடாது" என்று கடைசியில் வரும், கன்னடத்தில் "முட்டபேடி"யும் அப்படியே. கிளிப் நீளத்துக்குள் அடக்க வாலை வெட்டினால் "டெர்மினலைத் தொட" வரைதான் காதில் விழும். தமிழ்க் குரல் ஆங்கிலத்தை விட நீளமாகவே வரும், குரலை வேகமாக ஓட்டிச் சமாளிக்காதீர்கள், படத்தின் கடைசி ஃப்ரேமை இரண்டு மூன்று விநாடி நிறுத்தி வையுங்கள். தடை என்றால் குரல் தொடங்கும்போதே திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வந்துவிட வேண்டும்.

பீன்யாவாசி:

தலைவலியே அந்த வெட்டில்தான் இருந்திருக்கிறது, இப்போது புரிகிறது. திரையில் எழுத்து வேண்டுமா? சரிபார்ப்பை யாரிடம் கொடுப்பது? மொழி ஆசிரியரிடமா?

எஸ்பிரோடு ஸ்பேனர்:

படத்துக்குள் எழுத்தே வேண்டாம் சார். ஏஐ வரையும் தமிழ், கன்னட எழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறும். எண், அம்பு, சரி, தப்பு குறி போதும். சப்டைட்டில் தனிக் கோப்பாக இருக்கட்டும், தப்பு கண்டால் படத்தைத் தொடாமல் திருத்தலாம்.

சரிபார்ப்பது அந்தந்த மொழி பேசும் சீனியர் டெக்னீஷியன். படத்தை மறைத்து குரலை மட்டும் கேட்க வைத்து, பழுதான அவுட்டோர் யூனிட் ஒன்றில் அதன்படி செய்யச் சொல்லுங்கள். கை எங்கே தயங்குகிறதோ அந்த வரியை மாற்றுங்கள். "புரிந்ததா" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அனுப்புவது 480பி, ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷத்துக்குள், 16 எம்பிக்குக் கீழே. மொட்டை மாடியில் சிக்னல் இல்லாத இடத்திலும் ஃபோனிலேயே இருக்கும். க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுவதாக இருந்தால் அது வீடியோவுக்கு நேராகப் போகக்கூடாது, அந்த மாடலுக்கான இணையப் பக்கத்துக்குப் போகட்டும். போர்டு மாறி வீடியோ மாறினால் ஸ்டிக்கரைச் சுரண்ட வேண்டியதில்லை.

ஒலிக்கூடம்:

நாலு மொழியையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். கன்னடமும் தமிழும் முதலில் போகட்டும், அதில் பிடித்த தப்புகளை ஸ்கிரிப்டிலேயே திருத்திவிட்டு மற்ற இரண்டையும் ஓட்டுங்கள். டார்க் எண்ணை மட்டும் ஒவ்வொரு மொழியிலும் மேனுவலைத் திறந்து வைத்துக்கொண்டு காதால் கேளுங்கள். பதினைந்தும் ஐம்பதும் மாறினால் ஃப்ளேர் வாய் பிளந்துவிடும்.