"அப்ப ஏம்மா?" – ஆய்வுக்கூடத்தில் கை தயங்கிய தருணங்கள்

எம்.ஃபார்ம் இரண்டாம் வருஷம். கீழாநெல்லி ஈரலைக் காக்குமா என்பது என் தீசிஸ். இதே தலைப்பில் பழைய தீசிஸ்கள் லைப்ரரியில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே விடை: காக்கும். ஐந்து குரூப், குரூப்புக்கு ஆறு விஸ்டார் எலி (ஆய்வுக்கூடத்து வெள்ளெலி), ஆக 30. பாராசிட்டமாலை அளவு மீறிக் கொடுத்து ஈரலைக் கெடுக்க வேண்டும். பிறகு சாறு கொடுத்த குரூப்பில், ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி எவ்வளவு குறைவு என்று பார்க்க வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி ஒரே கூட்டத்தில் அனுமதி கொடுத்துவிட்டது.

ஆனிமல் ஹவுஸ் அண்ணன்தான் எலி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். "வாலைப் பிடிச்சுத் தூக்காதம்மா, உடம்போட சேர்த்து அணைச்சுப் பிடி." ஒருநாள் கேட்டார்:

"போன வருஷம் ஒரு தம்பியும் இதேதானே பண்ணிச்சு? என்ன வந்துச்சு?"

"எனக்கு வரப்போறதேதாண்ணே."

"அப்ப ஏம்மா?"

சிரித்து மழுப்பினேன். முப்பதையும் முடித்தேன், பட்டமும் வாங்கினேன். இன்று நானே கைடு. கீழாநெல்லியோடு வருகிறவர்களிடம் அண்ணன் கேட்டதையே கேட்கிறேன். சிலர் எலிக்குப் பதில் தட்டில் வளர்த்த செல்களில் சோதிக்கும் செல் கல்ச்சருக்கு மாறினார்கள். இருவர் கைடையே மாற்றிக்கொண்டார்கள்!

*

மேடம், உங்கள் எலிக் கதையைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார். என் கணக்கில் எலி இல்லை, தவளை. எத்தனை என்று எண்ணியதே இல்லை. ஒரு பையன் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "படம் வரையறேன் சார், அறுக்க மாட்டேன்" என்றான். பிராக்டிகல் மார்க்கைக் குறைத்தேன். வெறும் கைப்பழக்கத்துக்காக விலங்குமேல் சோதனை கூடாது, முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்று 1960ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாவிலிருந்து பிறந்த சட்டம் அது. 2011இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விலங்கு அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்ன பிறகுதான் அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். அந்தப் பையனுக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

*

நான் புற்றுநோய் ஆய்வில் இருக்கிறேன். எலியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு சோதனை 21 நாள். 16ஆம் நாள் ஒரு சுண்டெலி தீனியைத் தொடவில்லை, முதுகு கூனி மூலையில் கிடந்தது. "இன்னும் ரெண்டு நாள் தாங்கும், டேட்டா போயிடும்" என்றார் சீனியர். தாங்கியிருக்கும்தான். நான் மயக்கம் கொடுத்து அதன் உயிரை முடித்துவிட்டேன். அவர் ஒரு வாரம் பேசவில்லை. கட்டுரையைப் படித்த ரிவ்யூவர், அந்தக் குரூப்பில் மட்டும் ஏன் ஒன்று குறைந்து ஐந்து எலி என்று கேட்டிருந்தார். நடந்ததை எழுதி அனுப்பினேன். மறுகேள்வி வரவில்லை.