இனிஷியல் இருந்தால் ஆள் மாறிவிடுமா? கவுண்டரில் பார்த்ததைப் பகிருங்கள்

வரிக்கணக்கு மணி:
வங்கிக் கவுண்டர். எழுபதைத் தாண்டிய ஓய்வூதியர், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் கொடுக்கும் 15எச் படிவத்தை நீட்டுகிறார். "உங்க பான் செயலிழந்துடுச்சு ஐயா, வாங்க முடியாது." வட்டியில் 10 சதவீத வரிக்குப் பதில் 20 ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. அவர் பான், ஆதார் இரண்டையும் ஒட்டி வைத்துக் காட்டுகிறார். இரண்டிலும் எஸ் குமார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை.

பதில் இதுதான். பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போட விடமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். ஆனால் அட்டையில் அச்சாகும் பெயரில் முதல் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாம். வெளியே அட்டையில் எஸ் குமார், உள்ளே துறையின் பதிவில் சுப்பிரமணியன் குமார். ஆதாரில் உள்ளேயும் வெளியேயும் எஸ் குமார்தான். பானை ஆதாருடன் இணைக்கும்போது ஒப்பிடுவது உள்ளே இருப்பதை. பெயர் பொருந்தாவிட்டால் இணையாது. அட்டையைப் பார்த்தால் தெரியாது, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையை எடுத்தால் அதில் முழுப்பெயர் இருக்கும்.

இணைக்க 2023 ஜூன் 30 வரை கெடு, தாமதத்துக்கு 1000 ரூபாய், ஜூலை 1 முதல் பான் முடக்கம். ஒரு துறை இனிஷியலை ஏற்கிறது, இன்னொரு துறை தடுக்கிறது. அபராதம் மட்டும் பெயர் வைத்திருப்பவருக்கு!

தில்லைநகர் வாசகி:
மணி சார், அந்தப் பெரியவரின் பிறந்த தேதியை யாராவது கேட்டார்களா? 80 நிறைந்தவருக்கு இணைப்பே கட்டாயமில்லை. வங்கியில் பலருக்கு இது தெரிவதில்லை.

நான் சொல்ல வந்தது ஆதார் மையம். பெயரைத் திருத்த 75 ரூபாய் கட்டி, அரை நாள் காத்திருந்து ஒரு அம்மா உள்ளே போனார். அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் வாங்கிய சான்றிதழைத் திருப்பிவிட்டார்கள். முத்திரை முழுக்கத் தாளில் விழுந்திருந்தது, அதில் பாதி புகைப்படத்தின் மேல் விழவில்லை. சான்றிதழ் ஆதார் ஆணையத்தின் படிவத்திலேயே இருக்க வேண்டும், தேதியும் 3 மாதத்துக்குள் இருக்க வேண்டும். அந்த அதிகாரியைப் பிடிக்க மறுபடி தாலுகா ஆபீஸ் படி ஏறணும்.

ஈரோடு செந்தில்:
இதற்கு ஏன் ஆதாரைத் தொடுகிறீர்கள்? ஆதாரில் பெயர் மாற்ற ஆயுளுக்கு இரண்டே வாய்ப்பு. பானைத்தான் ஆதாருக்கு ஏற்ப மாற்றணும்.

வரிக்கணக்கு மணி:
செந்தில், மேலே எழுதியதைப் படிக்கவில்லை நீங்கள். பான் இனிஷியலை ஏற்காது என்னும்போது அதை எப்படி எஸ் குமார் ஆக்குவீர்கள்? ஆதாரில் ஒரு வாய்ப்பைச் செலவழித்து விரித்தே ஆக வேண்டும். பிறகு பான், அப்புறம் வங்கி, கடைசியில் பிஎஃப். வரிசை மாறினால் முதலில் திருத்தியதை மறுபடி திருத்த வேண்டிவரும். இரண்டு வாய்ப்பும் போனவருக்கு ஆதார் உதவி எண் 1947-ஐக் கூப்பிட்டு, ஆதார் மண்டல அலுவலகம் வரை போக வேண்டியதுதான். தமிழ்நாட்டுக்கு அது பெங்களூரு.

துபாய் பஸ்:
ஒற்றைப் பெயர்க்காரர்கள் கதை வேறு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட நம் நாட்டில் அனுமதி உண்டு. ஆனால் 2022 நவம்பர் 21 முதல் அமீரகம் ஒற்றைப் பெயருக்கு வருகை விசா மறுத்தது. பிறகுதான் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அந்த வாரம் போர்டிங் கவுண்டரில் பெட்டியைத் தராசிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பேரனுக்காக:
யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், வீட்டில் குழந்தை பிறந்திருப்பவர்கள் கவனியுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் அடித்தளம். பள்ளி, பாஸ்போர்ட் என்று எல்லாம் அதிலிருந்துதான். பெயர் பதியும்போதே எப்படி வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். இனிஷியல் வேண்டாம், புள்ளி வேண்டாம். அப்பா பெயரோ அம்மா பெயரோ, முழுசாக எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெற்றோரின் ஆதாரைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள். ஆதார் மையத்தில் நம் பக்கம் திரும்பிய இரண்டாவது திரை ஒன்று இருக்கும், அதில் தமிழ் வரியையும் படியுங்கள். ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் தானாக விழும், ழகரம் லகரமாகிவிடும். குழந்தை தூங்குது, அப்புறம் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள்.

தில்லைநகர் வாசகி:
எழுத்துக்கூட்டல் என்றதும் நினைவு வருகிறது. மணி சார், அந்தப் பெரியவர் ஆதாரை விரிக்கும் முன் 26ஏஎஸ்-ஐ அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். சுப்பிரமணியன் கடைசியில் பானில் ஆங்கில 'என்' இருக்கும், அவருடைய பழைய மார்க் ஷீட்டில் 'எம்' இருக்கும். எதைக் காட்டி விரிக்கிறாரோ அதுதான் ஆதாரில் ஏறும்.