தோட்டத்து மண் சுவர் தலைக்கு ஓடு: எத்தனை ஓடு, என்ன சாய்வு?

செம்மண்:
சிவகங்கைப் பக்கம். தோட்டத்து மண் சுவர் 60 அடி நீளம், 12 அங்குல கனம், 5 அடி உயரம். அடியில் ஒன்றரை அடி கருங்கல் கட்டு. தலையில் ஒன்றரை அங்குலத்துக்கு சிமெண்ட் கலவை போட்டிருக்கிறது. அது இரண்டு இடத்தில் குறுக்கே வெடித்து, வெடிப்புக்கு நேர் கீழே மண் கரைந்து கை நுழைகிற அளவுக்குக் குழி. மற்ற இடத்தில் தட்டினாலும் பொக்கு சத்தம்தான். பிரித்துவிட்டு ஓடு போட வேண்டும். பழைய வீடு பிரித்த சீமை ஓடு (மங்களூர் ஓடு) கிடைக்கிறது. எத்தனை வாங்க? எதை வைத்துப் பதிக்க? முகட்டு ஓட்டை மட்டும் வரிசையாகக் கவிழ்த்தால் போதாதா?

கரணை:
போதாது. முகட்டு ஓடு ஏறக்குறைய 10 அங்குல அகலம்தான், உங்கள் சுவர் 12. ஒன்பது அங்குலச் சுவரில் வைத்தால்கூட பக்கத்துக்கு அரை அங்குலம்தான் வெளியே நிற்கும். தண்ணீர் சுவரை நக்கிக்கொண்டே இறங்கும். ஓட்டு விளிம்பு சுவரை விட்டு 3 அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும்.

சீமை ஓடு 16 அங்குல நீளம். முழு ஓட்டை இரண்டு பக்கமும் சாய்த்தால் பாதிக்கு மேல் வெளியே தொங்கும், பூனை நடந்தாலே கவிழும். அதனால் தலைப்பக்கம் 5 அங்குலத்தை கிரைண்டரில் வெட்டி 11 அங்குலமாக்குங்கள். வால் பக்கம் வெட்டாதீர்கள், தண்ணீர் சொட்டுகிற விளிம்பு அதுதான். வெட்டிய முனை முகட்டு ஓட்டுக்கு அடியில் மறைந்துவிடும்.

கணக்கு: ஓடு ஒன்று மூடுகிற அகலம் 8 அங்குலம். 60 அடிக்கு வரிசைக்கு 90, இரண்டு பக்கத்துக்கு 180. வெட்டும்போது உடையும், 200 வாங்குங்கள். முகட்டு ஓடு 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் 52, 55 போதும். வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் எடுங்கள், டொக்கென்றால் உள்ளே கீறல்.

சாய்வு அடிக்கு 6 அங்குலம். அதாவது சுவர் நடுவில் 3 அங்குல உயரத்துக்கு மண்ணாலேயே மேடு கட்ட வேண்டும், மொத்தம் ஏழெட்டு கன அடி மண். சாய்வைக் குறைத்தால் தண்ணீர் சொட்டாமல் ஓட்டின் அடிப்பக்கமாகவே திரும்பிச் சுவருக்கு வரும்.

ரசமட்டம்:
கரணை சொன்ன கணக்கு சரி. பதிக்கிற விஷயத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது.

முதலில் பழைய கலவையைச் சம்மட்டியால் அடிக்காதீர்கள், சுவர் அதிர்ந்து பிளக்கும். வெடிப்பில் உளியை நுழைத்துப் பலகை பலகையாகக் கிளப்புங்கள். சிமெண்ட் விறைப்பு, மண் ஈரத்துக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும். இரண்டும் சேர்ந்து அசையாது, அதனால்தான் வெடிப்பு. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகவும் வழியில்லாமல் உள்ளேயே நின்று கரைக்கும். அதே சிமெண்டில் ஓட்டைப் பதித்தால் பழைய கதைதான்.

உதிரி மண்ணைக் கூட்டித் தள்ளி, கீறிவிட்டு, தண்ணீர் தெளித்து, சுவரின் அதே மண்ணில் நறுக்கிய வைக்கோல் சேர்த்துக் குழியையும் மேட்டையும் கட்டுங்கள். 15 நாள் காயட்டும். வெடிப்பு விட்டால் அடைத்த பிறகே ஓடு. ஈர மேட்டில் ஓடு வைத்தால் மண் சுருங்கி ஓடு அந்தரத்தில் நிற்கும்.

சாந்து: நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3. நான்கு கன அடி மணல் போதும், ஏனென்றால் அடி முழுக்கச் சாந்து வேண்டாம். சுவர் ஓரத்தில் ஒரு பட்டை, முகட்டோரம் ஒரு பட்டை, இரண்டு விரல் அகலம். ஓரப் பட்டையில் மூன்று ஓட்டுக்கு ஒரு இடம் விட்டுவிடுங்கள், ஈரம் வெளியேற வழி. ஓட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதியுங்கள். உலர்ந்த ஓடு சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிக்காது. ஒரு வாரம் ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். சுவரின் இரண்டு நுனியையும் செங்கல் துண்டு வைத்துச் சாந்தால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் எலி குடியேறும்.

செம்மண்:
நன்றி. அந்தப் பக்கம் பங்காளி நிலம். தண்ணீர் அங்கே விழக்கூடாது என்கிறார். ஒரே பக்கமாகச் சாய்க்கலாமா?

கரணை:
12 அங்குலச் சுவரில் சீமை ஓடு ஒற்றைச் சாய்வுக்கு உதவாது. சாய்ந்து கிடக்கும்போது 16 அங்குல ஓடு 14 சொச்சம்தான் மூடும், பக்கத்துக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வெளியே நிற்கும். நாட்டு ஓட்டுக்குப் போங்கள். 8 அங்குல ஓடு மூன்று வரிசை, 3 அங்குலம் ஏற்றி வேய்ந்தால் உங்கள் பக்கம் 3 அங்குலம் வெளியே நிற்கும், அவர் பக்கம் ஒரு அங்குலம். அந்த உயர்ந்த விளிம்பின் மேல் ஒரு வரிசை கவிழ்த்துச் சாந்து பூசிவிடுங்கள். மேடு அவர் பக்கம் 6 அங்குலம் உயரும், மண் இரட்டிப்பாகும். நாட்டு ஓடு சூளைக்குச் சூளை அளவு மாறும். ஓர் அடி நீளத்துக்குச் சாந்தில்லாமல் அடுக்கி எண்ணிப் பார்த்துவிட்டு 60-ஆல் பெருக்குங்கள்.

ரசமட்டம்:
ஒற்றைச் சாய்வென்றால் தண்ணீர் முழுக்க உங்கள் பக்கம் ஒரே கோட்டில் விழும். அந்தக் கோட்டில் ஓர் அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி பரப்புங்கள். வெறும் தரையாக விட்டால் சேறு தெறித்துக் கல் கட்டுக்கு மேலே உள்ள மண்ணை அரிக்கும்.