போஸ்ட்கிரெஸ் 14 ஸ்டார்ட் ஆகலை, டிஸ்க் ஃபுல்: பிஜி_வால் ஃபைல்களை அழிக்கலாமா?

புதுமுனையம்
உபுண்டு சர்வர்ல போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ரீபூட்டுக்கு அப்புறம் எதுவும் கனெக்ட் ஆகலை, "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு". சர்வீஸ் நிலையைக் காட்டுற சிஸ்டம்சிடிஎல் மட்டும் "ஆக்டிவ்"னு பச்சையில காட்டுது. 200 ஜிபி டிஸ்க் (இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம்) 100 சதவீதம் நிரம்பியிருக்கு, பிஜி_வால் ஃபோல்டர் மட்டுமே 90 ஜிபி. அதுல பழைய தேதி ஃபைல்களை அழிச்சா கிளம்பிடுமா?

தரவுத்தச்சன்
ஒண்ணைக்கூடத் தொடாதீங்க. டேட்டாபேஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதல்ல எழுதி வைக்கிற பதிவு (வால்) இருக்கிற இடம்தான் பிஜி_வால். கடைசி செக்பாயின்ட்டுக்கு (மாற்றங்களை டேட்டா ஃபைல்ல எழுதி முடிக்கிற கட்டம்) பிறகு நடந்த மாற்றங்கள் டேட்டா ஃபைலுக்குப் போய்ச் சேராம அதுல மட்டும் இருக்கலாம். தேவையான செக்மென்ட் (பிஜி_வால்ல உள்ள ஒரு ஃபைல்) போயிட்டா செக்பாயின்ட் ரெக்கார்டே கிடைக்கலைன்னு பேனிக் ஆகி நின்னுடும். அப்புறம் வாலை அழிச்சு புதுசா தொடங்குற பிஜி_ரீசெட்வால்தான், அது கிளப்பிவிடும், ஆனா டேட்டா சரியா இருக்கும்னு உறுதி கிடையாது. தேதியையும் நம்பாதீங்க. போஸ்ட்கிரெஸ் பழைய செக்மென்ட்டையே அடுத்து வரப்போற நம்பருக்குப் பேர் மாத்தி வச்சுக்கும்.

அந்தப் பச்சை "ஆக்டிவ்" வெறும் மேல்மூடி. அடைப்புக்குள்ள "எக்ஸிட்டட்"னு இருக்கும் பாருங்க. நிஜ நிலவரத்தை பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கமாண்ட் சொல்லும், காரணம் வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஃபோல்டர்ல உள்ள லாக்ல இருக்கும்.

இப்போதைக்கு இடம் வேணும். இஎக்ஸ்டி4 வழக்கமா 5 சதவீதத்தை ரூட்டுக்குன்னு (அட்மின் யூசர்) ஒதுக்கி வைக்கும், போஸ்ட்கிரெஸ் யூசரால அதைத் தொட முடியாது. ட்யூன்2எஃப்எஸ் கமாண்ட்ல அதை 1 சதவீதமாக்குங்க. மவுன்ட்ல இருக்கும்போதே செய்யலாம், சுமார் 8 ஜிபி உடனே கிடைக்கும். ரெக்கவரி முடிஞ்சு எழுந்து வர அது போதும்.

இரவுக்காவல்
இடம் பண்ணி ஏத்திட்டு விட்டுட்டா மறுபடி நிரம்பும். 90 ஜிபி தேங்க ரெண்டு காரணம்தான் அடிக்கடி: வால் ஃபைல்களை வேற இடத்துக்கு நகலெடுக்கிற ஆர்க்கைவ் கமாண்ட் தோத்துக்கிட்டே இருக்கும், இல்லைன்னா செத்துப்போன ரெப்ளிகாவோட (நகல் சர்வர்) ஸ்லாட், அதாவது அது இன்னும் வாங்காத வாலை அழிக்க விடாத பதிவு, பிடிச்சு வச்சிருக்கும். முதலாவதுக்கு பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்ல ஃபெயில்டு_கவுன்ட் ஏறுதான்னு பாருங்க. ரெண்டாவதுக்கு பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்ல ஆக்டிவ்ங்கிற நெடுவரிசையைப் பாருங்க.

புதுமுனையம்
8 ஜிபி கிடைச்சது, ஏறிடுச்சு. ஆர்க்கைவ் ஆஃப்லதான் இருக்கு. ஒரு ஸ்லாட் ஆக்டிவ் ஃபால்ஸ். அந்த ரெப்ளிகாவை எப்பவோ எடுத்தாச்சு. ஸ்லாட்டை டிராப் பண்ணியும் டிஸ்க் குறையலை!

இரவுக்காவல்
செக்பாயின்ட் வந்தாத்தான் கழியும். சூப்பர்யூசரா செக்பாயின்ட் கமாண்டைக் கையால ஓட்டுங்க.

அப்படியே ஸ்லாட் பிடிச்சு வைக்கிற வாலுக்கு வரம்பு வைக்கிற மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் செட் பண்ணுங்க. போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து இருக்கு, டிஃபால்ட் -1, அதாவது வரம்பே இல்லை. உங்க டிஸ்க்குக்கு 20 ஜிபி வச்சு ரீலோட் பண்ணினா போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். ரெப்ளிகா அதுக்கு மேல பின்தங்கினா ஸ்லாட் செல்லாம போகும், ரெப்ளிகாவை மறுபடி கட்டணும். பிரைமரி (மூல சர்வர்) படுக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவலை.

தரவுத்தச்சன்
பின்னாடி படிக்கிறவங்களுக்கு: எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம்ல இந்த 5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. டிஸ்க்கைப் பெருசாக்க முடியலைன்னா, போஸ்ட்கிரெஸ் ஓடாம நின்னிருக்கும்போதே பிஜி_வாலை முழுசா வேற டிஸ்க்குக்கு ஓனர்ஷிப் மாறாம காப்பி பண்ணி, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு, பழைய இடத்துல சிம்லிங்க் (புது இடத்தைக் காட்டுற இணைப்பு) வைங்க. ஓனர் ரூட்டா மாறிடுச்சுன்னா "பர்மிஷன் டினைடு"னு திரும்பவும் கிளம்பாது.