'நாடக முரண்நகை', 'பொறாமை': காட்ஸ்பி நாவலை முன்வைத்து இரண்டு மாற்றுச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கிலத் திறனாய்வுச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், டிராமாட்டிக் ஐரனிக்கு (கதைமாந்தர் அறியாததை வாசகர் அறிந்திருப்பது) 'நாடக முரண்நகை' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றும், ஜெலசி (தன்னுடையது பறிபோகுமோ என்ற கொதிப்பு), என்வி (பிறர் ஆக்கம் பொறாமை) இரண்டுக்கும் 'பொறாமை' ஒன்றே போதும் என்றும் கருத்துகள் வந்துள்ளன. இரண்டிலும் நான் மாறுபடுகிறேன். ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925இல் வெளியிட்ட 'தி கிரேட் காட்ஸ்பி' நாவலின் ஏழாம் அத்தியாயத்தைக் கொண்டே என் காரணங்களைச் சொல்ல விரும்புகிறேன். இவ்விரு கருத்துகளும் அங்கே ஒரே காட்சியில் பின்னிக் கிடக்கின்றன.

லாங் ஐலண்டிலிருந்து நியூயார்க் போகும் வழியில், சாம்பல் மேடுகளை ஒட்டியிருக்கும் ஜார்ஜ் வில்சனின் கராஜில், பெட்ரோல் போடுவதற்காக டாம் புக்கானன் வண்டியை நிறுத்துகிறான். மஞ்சள் நிறமான அந்தக் கார் காட்ஸ்பியுடையது. உடன் இருப்பவர்கள் கதைசொல்லி நிக்கும், டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கரும். டாமின் மனைவி டெய்சியோ தன் பழைய காதலன் காட்ஸ்பியுடன் டாமின் காரில் போகிறாள். வில்சன் தன் மனைவி மர்ட்டிலை மாடியில் பூட்டி வைத்திருக்கிறான். அவளுக்கு வேறு தொடர்பு உண்டென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது; யாரோடு என்பது தெரியவில்லை. எதிரே பெட்ரோல் கேட்டுக்கொண்டிருக்கும் டாம்தான் அந்த ஆள். மாடி ஜன்னலின் திரை சற்றே விலகியிருக்கிறது. அங்கிருந்து பார்க்கும் மர்ட்டிலின் கண்கள் டாமின்மேல் இல்லை. ஜோர்டனை அவன் மனைவி என்று எண்ணி, பொறாமையும் திகிலுமாக அவள்மேல் நிலைகுத்தி நிற்கின்றன.

அன்று மாலை அதே மஞ்சள் கார் திரும்பி வரும்போது, தெரிந்தவர் வருவதாக நினைத்து மர்ட்டில் ஓடிச்சென்று மறிக்கிறாள். காரை ஓட்டி வருபவள் டெய்சி. பிற்பகலில் யாரைப் பார்த்ததாக நினைத்து மர்ட்டில் வெந்தாளோ, அவள் ஓட்டிய காரிலேயே அடிபட்டுச் சாகிறாள்.

இந்த இடத்தில் நகை எங்கே இருக்கிறது? நகைக்குரிய களன்களாகத் தொல்காப்பியம் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கில் பின்னிரண்டும் அறியாமையைச் சார்ந்தவை என்பதால் 'நகை' பொருந்தும் என்று நண்பர் ஒருவர் வாதிட்டிருந்தார். இந்த இழையில் வந்த வாதங்களிலேயே வலுவானது அதுதான் என்று கருதுகிறேன். ஆயினும் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் தொல்காப்பிய இயலான மெய்ப்பாட்டியலின் அளவுகோலையே கொண்டு பார்த்தாலும், மர்ட்டிலின் ஜன்னலுக்குக் கீழே வாசகருக்கு எழுவது அழுகையும் அச்சமுமே அன்றி நகை அன்று. 'நாடக' என்ற அடையும் இடையூறாகவே இருக்கிறது. மேடைக்கு மட்டும் உரியது என்று மாணவர் கொள்ள அது வழிவிடுகிறது.

இக்காட்சியை இயக்குவது, யாருக்கு எது தெரியும் என்பதில் உள்ள ஏற்றத்தாழ்வு. வில்சனுக்குத் துரோகம் தெரியும், ஆள் தெரியாது. மர்ட்டிலுக்கு ஆள் தெரியும், அவன் மனைவியின் முகம் தெரியாது. வாசகருக்கு இரண்டும் தெரியும். ஆகவே அறிவில் உள்ள இந்த முரணையே பெயராக்கி, 'அறிமுரண்' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. நிகழ்வு எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக முடிவதை 'நிகழ்முரண்' எனலாம். டெய்சி செய்த விபத்துக்கும் டாம் செய்த துரோகத்துக்குமாகச் சேர்த்து, இரண்டையும் செய்தவன் அவனே என நம்பி, வில்சன் காட்ஸ்பியைச் சுட்டுக் கொல்வது நிகழ்முரண். சொல்வது ஒன்று, கருதுவது அதற்கு எதிர் என்னும் வெர்பல் ஐரனிக்குச் 'சொல்முரண்' என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. யாப்பில் எதிரெதிர்ச் சொற்களோ பொருள்களோ அமையும் முரண்தொடையைப் பேசும்போது அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. திறனாய்வில் வேரூன்றிவிட்ட 'முரண்நகை' ஐரனிக்குப் பொதுப்பெயராக நீடிப்பதில் எனக்கு மறுப்பில்லை.

இனிப் பொறாமை. பிறரிடம் உள்ளதைக் கண்டு பொறுக்காமை வேறு. தன்னுடையது என்று கருதுவது கைவிட்டுப் போகுமோ என்று கொதிப்பது வேறு. முன்னதற்கு 'அழுக்காறு' தெளிவாக இருக்கிறது. பிறன் ஆக்கம் கண்டு புழுங்குவதையே குறள் அச்சொல்லால் குறிக்கிறது. பின்னதற்குத்தான் சொல் வேண்டும். ஒருவர் முன்வைத்த 'ஊடல்' பொருந்தாது. ஊடல் கூடலை நோக்கிப் போவது. டாமின் கொதிப்பு அப்படிப்பட்டதன்று. இன்னொருவர் சொன்ன 'ஐயுறவு' ஒரு கட்டம் மட்டுமே. டெய்சியின் மனம் காட்ஸ்பியிடம் இருப்பதைக் கண்ணாரக் கண்டபின் டாமுக்கு ஐயம் ஏதும் மிஞ்சவில்லை. 'சக்களத்திப் பொறாமை' என்ற நம் வழக்கு மர்ட்டிலுக்கு அப்படியே பொருந்தும், ஆனால் டாமுக்கும் வில்சனுக்கும் பொருந்தாது. ஆசைநாயகி வைத்திருக்கும் டாம், பிளாசா ஹோட்டல் அறையில் குடும்பத்தின் புனிதம் பேசிச் சீறுகிறானே, அங்கே அவனைப் பேசவைப்பது அன்பைவிட உரிமையுணர்வுதான். அதனால் 'உரிமைப்பொறாமை' என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். கூட்டுச்சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பொருளும் விளங்கும்.

மொழிபெயர்ப்பில் 'பொறாமை' என்றே எழுதிச் செல்லலாம். சொல்லடைவிலும் திறனாய்விலும் இந்த வேறுபாட்டைக் காத்தால் போதும். 'அறிமுரண்' என்பதில் 'அறி' வினைத்தொகையாக ஒலிப்பது சிலருக்கு இடறலாம். 'அறிவுமுரண்' என்று வைத்தால் அறிவுக்கு முரணானது என்று பொருள் திரியும் என்பதாலேயே அதைத் தவிர்த்தேன். இதனினும் பொருத்தமான வடிவம் யாருக்கேனும் தோன்றினால், மேற்சொன்ன ஜன்னல் காட்சியில் பொருத்திப் பார்த்து இங்கே எழுத வேண்டுகிறேன்.